இம்மலை நெருப்புடைத்து: தருக்கத்தால் கடவுளை நிறுவ முடியுமா?

ஒரு வாசகரின் கேள்வி, 18 ஜனவரி 2025, சனி

என் மகன் தொடக்கக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். வரும் தைப்பூசத்துக்கு என்னோடு பால்குடம் எடுக்க வா என்று அழைத்தேன். "கடவுள் இருக்கிறார் என்பதைத் தருக்க முறையில் நிறுவிக் காட்டுங்கள், எடுக்கிறேன்" என்கிறான். குறும்புக்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்கிறான். அறிவைக் கொண்டே இறைவனை நிறுவிவிடலாம் என்று ஒரு சொற்பொழிவில் கேட்ட நினைவு எனக்கு இருக்கிறது. அந்த நிறுவலை எனக்குப் புரியும்படி யாராவது எழுதித் தர முடியுமா?

19 ஜனவரி, ஞாயிறு, காலை

எழுதித் தரலாம். ஆனால் அதைப் படித்துவிட்டு உங்கள் மகன் பால்குடம் எடுப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை.

நீங்கள் சொற்பொழிவில் கேட்டது பெரும்பாலும் இதுவாக இருக்கும்: பானை, ஆடை, வீடு என உறுப்புகள் கூடி உண்டான பொருள் ஒவ்வொன்றுக்கும் அதை அறிந்து செய்த ஒருவன் இருக்கிறான், உலகமும் உறுப்புகள் கூடி உண்டானது, ஆகவே உலகுக்கும் அதை அறிந்து செய்த ஒருவன் இருக்க வேண்டும். நியாயம் என்னும் பழைய இந்தியத் தருக்க மரபினர் இதைப் பல நூற்றாண்டுகள் காத்து வந்தார்கள். 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த உதயணர் இதற்கென்றே 'நியாய குசுமாஞ்சலி' என்னும் நூலை எழுதினார்.

நான் கடவுளை நம்புகிறவன். இருந்தும், தருக்கம் மட்டுமே அவரை நிறுவுமா என்று கேட்டால் இல்லை என்பதே என் விடை. காரணத்தை இரவு எழுதுகிறேன்.

19 ஜனவரி, ஞாயிறு, இரவு

நான் சிங்கப்பூரின் துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் வெல்டிங் ஆய்வாளராக வேலை பார்க்கிறேன். கண்ணுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறதா இல்லையா என்று முடிவு சொல்வதே முப்பது ஆண்டுகளாக என் பிழைப்பு என்பதால் இந்தக் கேள்வியை என்னால் தள்ளிவிட்டுப் போக முடியவில்லை.

தகட்டின் மேல் ஜெல் தடவி, ஒலி அலையை அனுப்பி வாங்கும் புரோப்பை வெல்டிங் ஓரமாக நகர்த்திக்கொண்டே போவேன். ஒலி இரும்புக்குள் இறங்கும். உள்ளே பிளவு இருந்தால் அதில் மோதித் திரும்பும். திரையில் ஒரு கூர்முனை எழும். நான் பார்ப்பது பிளவை அல்ல, அந்த முனையைத்தான். முனையிலிருந்து பிளவை அனுமானிக்கிறேன்.

அந்த அனுமானத்துக்கு என்ன தைரியம்? ஒவ்வொரு நாளும் வேலை தொடங்கும் முன்னர், நாங்கள் வி ஒன் பிளாக் என்று சொல்லும் இரும்புக் கட்டையின் மேல் புரோப்பை வைத்துச் சரிபார்க்கிறோம். அந்தக் கட்டையின் தடிப்பு 25 மில்லிமீட்டர். அதில் 1.5 மில்லிமீட்டர் துளை ஒன்று இருக்கிறது. துளை அங்கேதான் இருக்கிறது என்று கண்ணால் பார்த்து அறிந்திருப்பதால், அதிலிருந்து எழும் முனையைக் கொண்டு, பார்க்க முடியாத இடத்தில் எழும் முனையின் பொருளை அறிகிறோம். அந்தக் கட்டை இல்லாமல் என் கருவி வெறும் ஒளி காட்டும் பெட்டி.

உலகத்தைப் பார்த்து அதைச் செய்தவனை அனுமானிக்கும்போது என் மனம் இந்தக் கட்டையைத் தேடுகிறது. செய்யப்பட்ட உலகம் ஒன்றையும் செய்யப்படாத உலகம் ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் யாரும் இல்லை. நமக்குக் கிடைத்திருப்பது ஒரே உலகம்.

23 ஜனவரி, வியாழன்

கட்டை என்று நான் சொன்னதைத் தமிழில் முன்பே அழகாகச் சொல்லியிருக்கிறார்கள். மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நூலை, அதாவது தருக்கத்தை, கற்பிக்கும் இடத்தைப் பாருங்கள். "இம்மலை நெருப்புடைத்து" என்பது பக்கம், அதாவது நிறுவ வேண்டிய கூற்று. புகை உடைமையால் என்பது ஏது, அதாவது காரணம். அடுக்களை போல் என்பது திட்டாந்தம், அதாவது உதாரணம்.

இந்த அடுக்களை எனக்கு மிகவும் பிடிக்கும். மலையின் மறுபக்கத்து நெருப்பை யாரும் பார்க்கவில்லை. ஆனால் வீட்டு அடுக்களையில் புகையையும் நெருப்பையும் ஒன்றாகப் பார்த்திருக்கிறோம். எதிர்ப்புறத்துக்கும் அங்கேயே உதாரணம் உண்டு: நெருப்பு இல்லாத இடத்தில் புகை இல்லை, நீரைப் போல. இரண்டையும் பார்த்த பிறகுதான் மலையைப் பற்றிப் பேசும் உரிமை வருகிறது.

உலகம் என்னும் மலைக்கு எது அடுக்களை? பானையும் குயவனும் என்பார்கள். குயவனுக்கு உடல் உண்டு, கை உண்டு, மண்ணை அவன் படைக்கவில்லை, பானையை முடித்துவிட்டு அவன் இறந்தும் போகிறான். அந்த ஒப்புமையை முழுதாக ஏற்றால் கிடைப்பவர் நாம் வணங்கும் இறைவன் அல்லர். தேவையான இடத்தில் மட்டும் ஏற்றால் அது ஒப்புமையே அல்ல.

25 ஜனவரி, சனி

"உலகைக் கடவுள் படைத்தார் என்றால் கடவுளைப் படைத்தது யார், இந்த ஒரு கேள்வியே போதுமே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். என் அப்பாவும் இதையே கேட்பார். செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய தமிழ் முரசையும் சீர்திருத்த இயக்கத்தையும் தம் பள்ளிக்கூடம் என்று சொல்லிக்கொண்டவர். ஆனாலும் இந்தக் கேள்வி போதாது என்பதே என் கருத்து. 'எல்லாவற்றுக்கும் செய்தவன் உண்டு' என்று நியாய நூலார் சொல்லவில்லை. 'உண்டான பொருளுக்குச் செய்தவன் உண்டு' என்றே சொன்னார்கள். உண்டாகாத ஒன்றைப் பார்த்து உன்னைச் செய்தவன் யார் என்று கேட்க இடமில்லை.

அப்பாவின் மற்றொரு கேள்விதான் வலுவானது. "காட்டில் தானாக முளைக்கும் புல்லை யார் செய்து நான் பார்த்தேன்?" என்பார். அவருக்குத் தெரியாமலே பழைய மறுப்பாளர்கள் பக்கம் போய் நின்றிருக்கிறார். புல்லுக்குச் செய்தவன் உண்டா என்பதும் இன்னும் முடிவாகாத இதே வாதத்தைச் சேர்ந்தது ஆகையால் அதை எதிர்ச் சான்றாகக் காட்டக் கூடாது என்பது நியாய நூலாரின் மறுமொழி. வாத விதிப்படி அது சரி. ஆனால் என் பட்டறையில், முடிவுக்கு ஒத்துவராத முனைகளை எல்லாம் 'இவை இன்னும் ஆய்வில் உள்ளவை' என்று நான் ஒதுக்கிவைத்தால் என் அறிக்கையில் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

30 ஜனவரி, வியாழன், சீனப் புத்தாண்டு விடுமுறை

இரண்டு நாள் விடுமுறையில் படிக்க நேரம் கிடைத்தது. எனக்கு வியப்பளித்த செய்தி ஒன்றைப் பகிர்கிறேன்.

இந்த நிறுவலை உடைத்தவர்கள் பௌத்தரும், வேதச் சடங்கை முதன்மையாகக் கொண்ட மீமாம்சகரும், நாத்திகரும் மட்டுமே என்று நினைத்திருந்தேன். இராமாநுசரும் உடைத்திருக்கிறார். 1017இல் திருப்பெரும்புதூரில் பிறந்தார் என்று மரபு சொல்லும் அதே உடையவர், பெருமாளுக்காகவே வாழ்ந்தவர். பிரம்ம சூத்திரத்தின் மூன்றாம் சூத்திரத்துக்கு உரை செய்யும்போது ஸ்ரீபாஷ்யத்தில் அவர் கேட்பதை என் சொற்களில் தருகிறேன். மலையும் கடலும் உண்டானவை என்றே வைத்துக்கொள்வோம். எல்லாம் ஒரே காலத்தில் உண்டாயின என்று எப்படித் தெரியும்? ஒருவரே உண்டாக்கினார் என்று எப்படித் தெரியும்? பெரிய மாளிகையைப் பலர் கூடிக் கட்டுவதையே உலகில் காண்கிறோம். அனுமானத்தை அதன் போக்கில் விட்டால் அது பல தச்சர்களிடம் கொண்டுபோய் விடும், ஒரே இறைவனிடம் அல்ல. ஆகவே பரம்பொருளை அறிய மறையே சான்று, அனுமானம் அன்று என்று முடிக்கிறார்.

கப்பல் பட்டறையில் இருக்கும் எனக்கு இது உறைத்தது. ஒரு கப்பலை ஒருவன் செய்து நான் பார்த்ததே இல்லை. தகடு வெட்டுபவர், பொருத்துபவர், வெல்டர், வர்ணம் பூசுபவர், குழாய் வேலை செய்பவர் எனக் கூட்டம் கூட்டமாக ஆட்கள், அதற்கு மேல் வரைபடத்தைப் பலமுறை மாற்றிய பொறியாளர்கள்.

ஸ்காட்லாந்தின் டேவிட் ஹியூம் இதே மறுப்பைத் தம் உரையாடல் நூலில் சொன்னார். அது அவர் இறந்த பின் 1779இல் வெளிவந்தது. அவர் ஐயவாதி. அவருக்கு ஏறத்தாழ ஏழு நூற்றாண்டு முன்பே ஒரு பெரும் பக்தர் அதைச் சொல்லிவிட்டார். பக்தி உள்ளவர் நிறுவலை ஏற்பார், அறிவு உள்ளவர் மறுப்பார் என்று நாம் கோடு கிழிப்பது பிழை. சகோதரி, இதை உங்கள் மகனிடம் கட்டாயம் சொல்லுங்கள். நிறுவல் செல்லாது என்று அவன் சொன்னால் அதனால் அவன் அம்மாவின் எதிரணிக்குப் போய்விடவில்லை.

உதயணரைப் பற்றி மரபில் ஒரு கதை உண்டு. பூரி ஜகந்நாதர் கோயில் கதவு அவருக்குத் திறக்கவில்லையாம். "செல்வச் செருக்கில் என்னை மதிக்காமல் இருக்கிறாய், பௌத்தர்கள் வந்தால் உன் இருப்பே என் கையில்தான்" என்று கடவுளைப் பார்த்தே சொன்னாராம். நிறுவலில் அவ்வளவு நம்பிக்கை வைத்தவரும் கதவு திறக்காத வருத்தத்தை அந்தக் கடவுளிடமே போய்ச் சொல்லியிருக்கிறார்.

2 பிப்ரவரி, ஞாயிறு

மகன் கணினிப் பாடம் எடுக்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் கர்ட் கோடல் அவனுக்குப் பிடிப்பார். 20ஆம் நூற்றாண்டின் பெரிய தருக்கவியலாளர்களில் ஒருவர்.

இந்த வகை நிறுவலுக்கு உலகமே தேவையில்லை. 11ஆம் நூற்றாண்டில் அன்செல்ம் என்னும் துறவி தொடங்கியது இது: இதைவிடப் பெரிதொன்றை எண்ண முடியாது என்னும் ஒன்றை எண்ணுங்கள், அது எண்ணத்தில் மட்டும் இருந்தால், மெய்யாகவும் இருக்கும் ஒன்று அதைவிடப் பெரிதாகிவிடும், ஆகவே அது மெய்யாக இருக்கிறது. கோனிலோ என்னும் மற்றொரு துறவி, இதே வழியில் குறையே இல்லாத தீவொன்றையும் நிறுவலாமே என்று உடனே மறுத்தார். கோடல் அதைக் கணிதக் குறியீடுகளில் அடிகோள்களாக, அதாவது நிறுவாமலே ஏற்கும் தொடக்கக் கூற்றுகளாக அமைத்து, 1970இல் டேனா ஸ்காட் என்னும் தருக்கவியலாளரிடம் காட்டினார். வாழ்ந்த காலத்தில் வெளியிடவில்லை.

2013இல் பெர்லினிலும் வியன்னாவிலும் பணியாற்றிய ஆய்வாளர் இருவர் ஸ்காட் வடிவத்தைக் கணினியிடம் கொடுத்தார்கள். அடிகோள்களை ஏற்றால் முடிவு தப்பாமல் வருகிறது என்று கணினி உறுதி செய்தது. செய்தித்தாள்கள் 'கணினி கடவுளை நிறுவியது' என்ற பாணியில் எழுதின. அதே ஆய்வில் பின்னர் வேறொன்றும் வெளிவந்தது: கோடல் தம் கையால் எழுதிவைத்த அடிகோள்கள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. ஸ்காட் சிறிது திருத்தி எழுதிய வடிவம் முரண்படவில்லை. அதற்கும் ஒரு சிக்கல் உண்டு. உள்ளவை எல்லாம் இப்படித்தான் இருந்தாக வேண்டும், வேறு விதமாக இருக்கவே முடியாது என்ற முடிவும் அந்த அடிகோள்களிலிருந்தே பிறக்கிறது. அப்படியானால் இறைவன் அருளினான் என்பதற்கும் நான் தேர்ந்தேன் என்பதற்கும் இடமில்லை.

தருக்கம் என்ன செய்யும் என்பதை இதில் காணலாம். வெல்டிங் இரண்டு தகடுகளைப் பிரிக்க முடியாதபடி இணைக்கும், தகட்டை உண்டாக்காது. கணினி இணைப்பைச் சோதித்துத் தேர்ச்சி என்றது. தகடு எங்கிருந்து வந்தது என்று அதனிடம் யாரும் கேட்கவில்லை.

5 பிப்ரவரி, புதன்

19ஆம் தேதி எழுதியதில் ஒரு திருத்தம். முன்பே பார்த்த கட்டை இல்லாமல் அனுமானமே இல்லை என்பதுபோல் எழுதிவிட்டேன். நேற்று இரவு வேலை முடிந்து பேருந்தில் வரும்போது நெப்டியூன் நினைவுக்கு வந்தது.

யுரேனஸ் கணக்குப்படி நகரவில்லை. பிரான்சின் லெ வெரியே தாளில் கணக்குப் போட்டு, இன்ன இடத்தில் காணாத கோள் ஒன்று இருக்க வேண்டும் என்றார். 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லினில் தொலைநோக்கியைத் திருப்பினார்கள். அவர் சொன்ன இடத்துக்கு 1 பாகைக்குள் அது இருந்தது. காணாததை அறிவு கண்டுபிடித்தது. என் கட்டைக் கொள்கை இங்கே தடுமாறுகிறது அல்லவா?

ஆனால் கதை அங்கே முடியவில்லை. புதன் கோளும் கணக்குப்படி நகரவில்லை. 1859இல் அதே லெ வெரியே, சூரியனுக்கு அருகே காணாத கோள் இன்னொன்று இருக்கிறது என்றார். வல்கன் என்று பெயரும் வைத்தார்கள். பல ஆண்டுகள் தேடியும் அது கிடைக்கவில்லை. 1915இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் வந்து, கோள் எதுவும் இல்லாமலே புதனின் போக்கை விளக்கிவிட்டது. மனிதர் அவரேதான், ஏதுவும் அதே வகைதான். ஒன்று மெய்யாயிற்று, ஒன்று பொய்த்தது. ஏது போலத் தோன்றி ஏமாற்றுவதை மணிமேகலை ஏதுப்போலி என்னும்.

எனக்கும் ஒரு வல்கன் உண்டு. 2009இல் ஒரு தகட்டு இணைப்பில் 60 பாகை புரோப்பில் தெளிவான முனை எழுந்தது. வேரில், அதாவது வெல்டிங்கின் அடியில், பிளவு என்று எழுதிக் கொடுத்தேன். கௌஜிங் செய்து உலோகத்தைச் சுரண்டி எடுத்தார்கள். வங்காளதேசத்து வெல்டர் ஒருவர் அரை நாள் குனிந்து தோண்டினார். தோண்டிய குழி பளபளவென்று வெள்ளியாக மின்னியது; மயிரிழைப் பிளவுகூட அதில் இல்லை. வேரில் வெல்டிங் சற்றுப் புடைத்திருந்த வடிவத்தில் மோதித் திரும்பிய ஒலியைப் பிளவு என்று கொண்டுவிட்டேன். அவர் என்னை ஒரு சொல் சொல்லவில்லை, முகமூடியைத் தூக்கி ஒருமுறை பார்த்தார். அந்த முகம் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது.

ஆகவே திருத்திச் சொல்கிறேன். கட்டை இல்லாமலும் அனுமானம் வெல்லலாம். ஆனால் வென்றதா என்பதைத் தோண்டித்தான் அறிய முடியும். கடவுளைப் பொறுத்தவரை எங்கே தோண்டுவது, தொலைநோக்கியை எந்தப் பக்கம் திருப்புவது என்பதே என் கவலை.

8 பிப்ரவரி, சனி

என்னோடு வேலை பார்க்கும் கடையநல்லூர் நண்பர் ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னேன். சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டு இஸ்லாமிய அறிஞர் இமாம் கஸ்ஸாலியைப் பற்றிப் பேசத் தொடங்கினார். 'தோன்றியது எதற்கும் காரணம் உண்டு, உலகம் தோன்றியது, ஆகவே உலகுக்குக் காரணம் உண்டு' என்ற நிறுவலைப் புகழ்பெறச் செய்தவர்களில் அவர் ஒருவர். மெய்யியலாளரை மறுத்து 1095இல் நூல் எழுதியவரும் அவரே.

அவருக்கே ஏறத்தாழ இரண்டு மாதம் நீடித்த பெரிய ஐயம் ஒன்று வந்தது. கண் ஏமாற்றுகிறது என்று அறிவு சொல்கிறது. அறிவு ஏமாற்றினால் அதைச் சொல்ல யார் இருக்கிறார்? பத்து மூன்றைவிடப் பெரிது என்பதைக்கூட எதைக் கொண்டு நம்புவது? அந்த நோயிலிருந்து மீண்டதைச் சொல்லும்போது, நிறுவலாலோ சொற்களை அடுக்கியோ தாம் மீளவில்லை என்றும், இறைவன் நெஞ்சில் இட்ட ஒளியால் மீண்டதாகவும் எழுதுகிறார். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த ஒளி அவருக்கு முதலில் திருப்பித் தந்தது அறிவின் மேல் இருந்த நம்பிக்கையை. கடவுளை அறிவால் நிறுவு என்று கேட்கும் நாம், அறிவை எதனால் நிறுவினோம் என்று கேட்பதில்லை.

இதை நாத்திகருக்கு எதிரான வாதமாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. அறிவை நம்பியே என் அப்பா நேர்மையாக வாழ்ந்து முடித்தார்.

12 பிப்ரவரி, புதன்

நேற்று தைப்பூசம். மகன் பால்குடம் எடுக்கவில்லை, ஆனால் உடன் வந்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் என் பெற்றோரைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது.

அம்மா ஆண்டுதோறும் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் சாலை தண்டாயுதபாணி கோயிலுக்குப் பால்குடம் எடுப்பார். மூன்று கிலோமீட்டருக்கு மேற்பட்ட நடை. அப்பா கோயிலுக்குள் வரமாட்டார். வாசலில் செருப்போடு நிற்பார். ஆனால் சாலையில் அம்மாவுக்கு இடப்பக்கம், ஒரு கையில் தண்ணீர்ப் புட்டியும் மறு கையில் குடையுமாக முழுத் தூரமும் நடப்பார். குடை அம்மாவின் தலைக்கு மேல் பிடித்திருக்கும்; அவருடைய வலத் தோள் மட்டும் நிழலில் இருக்கும்.

பதினாறு வயதில் நான் கேட்டேன், நம்பாதவர் ஏன் நடக்கிறீர்கள் என்று. "கடவுள் இருக்கிறாரோ இல்லையோ, வெயில் இருக்கிறது" என்றார்.

16 பிப்ரவரி, ஞாயிறு

சைவ சித்தாந்தம் கற்ற ஒருவர், மெய்கண்டாரை விட்டுவிட்டீர்களே என்று கண்டித்திருக்கிறார். கண்டனம் நியாயமானது. அவர் அருளிய சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் முதல் சூத்திரம், "அவன் அவள் அது எனும் அவை மூவினைமையின்" என்று தொடங்குவது, கடவுள் உண்மைக்கான நிறுவலேதான். உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குகிறது. ஆகவே அதைத் தோற்றுவிப்பவன் உண்டு. எவனிடத்தில் ஒடுங்குகிறதோ அவனே முதல். அந்தம் எதுவோ அதுவே ஆதி என்னும் நடை எனக்கு மிகவும் உயர்வாகத் தோன்றுகிறது. செய்தவனைத் தேடுகிறவர்கள் பொதுவாகத் தொடக்கத்தைப் பார்ப்பார்கள், இவர் முடிவைப் பார்க்கிறார்.

ஆனால் அதே நூலின் ஆறாம் சூத்திரத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும். நம் அறிவுக் கருவிகளால் அறியப்படுவது எதுவோ அது அசத்து, அதாவது நிலையற்றது; எவ்வகையாலும் அறியப்படாதது எதுவோ அது இல்லாத பொருள்; சிவம் இவ்விரண்டும் அல்ல. ஒன்பதாம் சூத்திரம், "ஊனக்கண் பாசம் உணராப் பதி" என்று, நம் குறைபட்ட அறிவு உணர முடியாத இறைவன் என்று, இன்னும் நேராகவே சொல்கிறது. பன்னிரண்டே சூத்திரம் கொண்ட நூல், நிறுவலோடு தொடங்கி, பாதி வழியில் நிறுவலால் பிடிபடுவது அவன் அல்லன் என்று சொல்லிவிட்டு மேலே நடக்கிறது.

ஆகவே ஜனவரி 19 காலையில் நான் எழுதிய 'இல்லை' என்னும் விடை முரடானது. தருக்கம் ஒன்றும் தராது என்பது என் கருத்தன்று. உலகம் தன் இருப்புக்குத் தானே விளக்கமாக இல்லை என்று என்னைக் கலங்கவைப்பதும், பொய்யான கடவுள் படங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி எறிவதும் தருக்கமே. ஆனால் அம்மா "முருகா" என்று அழைத்தவரிடம் அது என்னைக் கொண்டுபோய் விடவில்லை.

23 பிப்ரவரி, ஞாயிறு

மகன் உங்கள் வழியாகக் கேட்டிருக்கும் கேள்வி: "அடிகோளை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம் என்றால், இரண்டும் சமம்தானே? பிறகு எதற்கு இவ்வளவு பேச்சு?"

சமம் அல்ல. விருப்பம் என்று நான் சொல்லவும் இல்லை. ஏற்பதற்குக் காரணம் சொல்ல வேண்டும், அந்தக் காரணத்தைப் பிறர் தட்டிப் பார்க்க இடம்கொடுக்கவும் வேண்டும். என்னுடையதைச் சொல்கிறேன். முப்பது ஆண்டுகளில் காரணம் இல்லாத பிளவு ஒன்றையும் நான் பார்த்ததில்லை. ஈரமான எலெக்ட்ரோடு, அவசரமாகக் குளிர்ந்த தகடு, சரியாகப் பொருந்தாத விளிம்பு என்று ஏதாவது ஒன்று இருந்தே தீரும். இல்லை என்று சொன்ன ஒவ்வொரு முறையும் நாங்கள் சரியாகத் தேடாததே உண்மையாக இருந்தது. ஆகவே, இருப்பவை எல்லாம் சேர்ந்த இந்த முழுமைக்கும் காரணம் கேட்க என் மனம் துணிகிறது.

1948இல் பிபிசி வானொலியில் பாதிரியார் கோப்பிள்ஸ்டனும் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலும் வாதிட்டபோது ரஸ்ஸல் இந்த இடத்தில்தான் நின்றார். உலகில் உள்ள ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்கலாம், உலகம் முழுமைக்கும் கேட்க முடியாது, அது இருக்கிறது, அவ்வளவே என்றார். என் அப்பாவும் அங்கேயே நின்றார். நான் அங்கே நிற்க முடியாமல் ஓர் அடி எடுத்துவைக்கிறேன். பகுதிகளுக்குப் பொருந்துவது முழுமைக்கும் பொருந்துமா என்பதே அந்த இணைப்பு. அதை 45, 60, 70 பாகை எல்லாவற்றிலும் இரண்டு பக்கமிருந்தும் பார்த்துவிட்டேன். ஒரு முனை எழுகிறது. அது பிளவா, வேரின் வடிவமா என்று எனக்கு இன்னும் உறுதியில்லை.

சகோதரி, இந்த ஓர் இணைப்பைப் பற்றி உங்கள் மகன் என்ன நினைக்கிறான் என்று அறிய விரும்புகிறேன். மறுப்பு இருந்தால் நீளமாகவே எழுதட்டும். உங்கள் வழியாக வேண்டாம், அவனே எழுதட்டும்.